இதுவா, அதுவா

பெயர் எழுதவே கால்மணி நேரம் ஆயிற்று.
எக்கெஹார்ட் லோமையர்.
வயது அறுபத்தெட்டு. ஊர் என்ற கட்டத்தில்
யேனா என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து,
காவலூர் என்று திருத்தச் சொன்னார்.
தொழில்?
துணைக்கு வந்த சடையாண்டி முந்திக்கொண்டான்:
"ராவுல முழிச்சிருக்கிறது மேடம்."

ஆரணி ரோட்டுக் கண் ஆஸ்பத்திரி. சித்திரை மாதம்.
கரண்ட் இல்லை. வேலூர் வெயில் ஜன்னலில்
முட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.
மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி
கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டேன்.
"இது தெளிவா, அதுவா?"
நாளைக்கு எழுபது பேரிடம் கேட்பது.
அவர் சிரித்துவிட்டார்.
"நாப்பது வருசமா என்னையே நான் கேட்டது
இதுதாம்மா."
சவ்வாது மலைத் தமிழ், யேனாவின் மூக்கு வழியாக.

பாவை விரிய மருந்து விட்டால்
முக்கால்மணி நேரம் கண்ணை மூடியிருக்க வேண்டும்.
ஓர் ஆயுளைச் சொல்ல அது போதும் போல.

அப்பா கண்ணாடி ஆலையில் லென்ஸ் தேய்ப்பவர்.
பதினேழு வயதில் போர். குண்டுக்குப் பயந்து
ஊரே விளக்கை அணைத்தபோது
கூரைக்கு மேல் அத்தனை மீன்கள்.
"வெட்கமா இருக்கு சொல்ல. எனக்கு அது புடிச்சிருந்தது."
எழுபத்தொன்றில் மரப்பெட்டிகளோடு கப்பல்,
மெட்ராஸ், வாணியம்பாடி, மலைப்பாதை,
ஆறு மாத ஒப்பந்தம்.
மனைவி இரண்டு வருஷம் எழுதினாள்.
பெர்லின் சுவர் இடிந்த சேதி
ஆலங்காயம் டீக்கடை ரேடியோவில்,
வெங்காய விலைக்கு அப்புறம்.

கண்டுபிடித்தது ஒன்றுமில்லை.
எந்த மீனுக்கும் அவர் பெயர் இல்லை.
சில மீன்கள் பெருக்கும், இளைக்கும்;
அதை மாறாத பக்கத்து மீனோடு வைத்து
கையால் தூக்கிப் பார்த்தே காய்கறிக்காரி
எடை சொல்வதுபோல, கண்ணால்
இது கூடவா, அது கூடவா என்று
தேதி போட்டு எழுதுவது.
நாற்பத்தோராயிரம் வரி.

இடது கண்ணில் புரை எடுத்து
மறுநாள் டாக்டர் ஞானதீபம் கட்டைப் பிரித்தார்.
என் புடவையைப் பார்த்து, "நீலமா?" என்றார்.
"நேத்து சாம்பலா இருந்துச்சே."
நாங்கள் சந்தோஷப்பட்டோம்.
அவர் சந்தோஷப்படவில்லை.
"எத்தனை வருசமா எனக்குள்ள
இந்த மஞ்சக் கண்ணாடி?"
எட்டு, ஒன்பது இருக்கும் என்றார் டாக்டர், மெல்ல மெல்ல வந்தது.
வலது கண், இடது கண், மூடித் திறந்து,
திறந்து மூடி,
சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது.
நீல மீனைக் குறைத்துக் கண்ட கண்
சிவப்பு மீனை ஒசத்தி எழுதியிருக்கும்.
ஒன்பது வருஷம். பதினோராயிரம் வரி.
பொய் சொல்லாமலே சொன்ன பொய்.

வியாழக்கிழமை வலது கண்ணுக்கு நாள் குறித்திருந்தது.
மாட்டேன் என்றார்.
"அதத் தொடாதீங்க. தப்பா எழுதுன கருவி அதுதான்.
ரெண்டு மாசம் அது எனக்கு வேணும்."
டாக்டருக்குக் கோபம். சடையாண்டி
பையைத் தோளில் மாட்டிவிட்டான்,
ஆலங்காயம் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று.

ஆனியில் வந்தார். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.
நல்ல கண்ணில் ஒரு தடவை, கெட்ட கண்ணில் ஒரு தடவை,
அறுபத்தொரு ராத்திரி, மேகம் போக முப்பத்தெட்டு.
வித்தியாசம், பத்தில் மூன்று பங்கு.
பழைய வரி எதையும் அடிக்கவில்லை,
பக்கத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார்.
"இப்ப எடுத்துக்கோங்க" என்று
நாற்காலியில் சாய்ந்து முகத்தை நிமிர்த்தினார்,
சவரத்துக்கு உட்கார்ந்த மாதிரி.

அன்றைக்கு ராத்திரி சத்துவாச்சாரி மொட்டைமாடியில்
துணி எடுக்கப் போனேன்.
தெற்கே கேட்டை, சிவப்பாக.
மேற்கே சாய்ந்து சித்திரை, நீலமாக.
அவர்தான் காட்டித் தந்திருந்தார், கேஸ் ஷீட் ஓரத்தில் வரைந்து.
ஒரு கண்ணை மூடினேன். அப்புறம் மற்றதை.
இதுவா, அதுவா.
கீழே யாரோ கதவைத் தட்டிக் கூப்பிட,
ஈரத் துண்டோடு இன்னும் கொஞ்ச நேரம்
நின்றிருந்தேன், பதில் வராமல்.